மும்பையிலிருந்து முதல் மலை: நேராகக் கல்சுபாய்க்கே போகலாமா?

டோம்பிவிலி | 9 ஆகஸ்ட் 2025

ஆபீஸ் கூட்டாளிகள் எட்டுப் பேர் சேர்ந்து இந்த மாதக் கடைசியில் கல்சுபாய் ஏறலாம் என்று இருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி கசாரா லோக்கல் ரயில், அங்கிருந்து ஜீப், நடு ராத்திரியில் பாரி கிராமம், விடியும்போது உச்சி. ஒருத்தன் சதுரகிரி போனவன், மற்றவர்களுக்குப் பழனிப் படிதான் பழக்கம். உயரம் 1646 மீட்டர். செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணி இருக்கிறது, மேலே கோயில் இருக்கிறது. இதில் பெரிதாக என்ன ஆகிவிடும்? ஷூ எது, தண்ணீர் எவ்வளவு, வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

முலுண்ட் | 9 ஆகஸ்ட்

கல்சுபாய் போகலாம் தம்பி. ஆனால் இந்த மாதம் வேண்டாம், ராத்திரி வேண்டாம், முதல் மலையாகவும் வேண்டாம்.

உயரம் காரணம் இல்லை. உயர நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். கல்சுபாயில் மூச்சு வாங்கினால் அது பயிற்சிக் குறைவு, அவ்வளவுதான். சஹ்யாத்ரியில், அதாவது இந்தப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் திரும்பும் வழியில். ஏறும்போது ஆசை தள்ளிக்கொண்டு போகும். இறங்கும் நேரத்தில் தொடை தளர்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், கசாராவில் வண்டி யாருக்காகவும் நிற்காது. அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். வீடு திரும்பும் வண்டி எது, அதற்கு எத்தனை மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், அதற்கு எத்தனை மணிக்கு உச்சியை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று கீழிருந்து மேலே எழுதிக்கொண்டு போங்கள்.

நேரம் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பாரியிலிருந்து உச்சிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், 800 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். தூரத்துக்கு 72 நிமிடம், ஏற்றத்துக்கு 80 நிமிடம், மொத்தம் இரண்டரை மணி நேரம். இது பழகிய ஆள், ஓய்வே எடுக்காமல் போனால். முதல் தடவைக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள், மூன்றே முக்கால் மணி வரும். இறங்குவதற்கு மூன்று மணி. மேலே முக்கால் மணி. ஏழரை மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் ஏணியில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை. மழைக்கால வார இறுதிகளில் ஏறும் கூட்டமும் இறங்கும் கூட்டமும் ஒரே ஏணியில் எதிர் எதிராக நிற்கும். நனைந்த உடையோடு காற்றில் நிற்க வேண்டிவரும். குளிர் உடம்புக்குள் இறங்குவது அங்கேதான்.

செம்பூர் | 10 ஆகஸ்ட்

வரிசையை நான் இப்படி வைப்பேன். முதலில் போரிவிலி தேசியப் பூங்கா வாசலிலிருந்து கான்ஹேரி குகை வரை தார்ச்சாலையில் போய்வருவது. ஏற்றம் குறைவு, ஆனால் போகவர பன்னிரண்டு கிலோமீட்டரை ஒட்டி வரும். ஷூ கடிக்குமா, பை தோளை அறுக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். திங்கட்கிழமை பூங்கா மூடல். அடுத்தது பன்வேலுக்கு அருகில் கோவா நெடுஞ்சாலையில் இருக்கும் கர்னாலா. பறவைச் சரணாலயத்துக்குள் நிழலான பாதை. அதன் பிறகு லோஹகட் கோட்டை, 1033 மீட்டர், லோனாவாலாவில் இறங்கி புனே லோக்கல் மாறி மளவலி நிலையம். மேலே கல்படி, வரிசையாக வாசல்கள், கடைசியில் விஞ்சுகாட்டா என்ற ஒடுங்கிய நீட்சி.

லோஹகட் ஏறும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மராத்தா ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் இதுவும் ஒன்று. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி மட்டும்தான்.

முலுண்ட் | 11 ஆகஸ்ட்

செம்பூர்க்காரர் சொன்ன வரிசை சரி. மழையைப் பற்றி மட்டும் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் மும்பையில் புதிதாகத் தொடங்குபவர்களில் நிறையப் பேர் ஜூலையில்தான் தொடங்குகிறார்கள். பச்சையும் அருவியும் இழுக்கிறது.

இந்த மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் பாறை. காய்ந்திருக்கும்போது நல்ல பிடிமானம். மழை தொடங்கிச் சில வாரத்தில் கரும்பச்சைப் பாசி படியும், அதில் எந்த விலை ஷூவும் நிற்காது. பாசி படியாத, சொரசொரப்பான, வெளிறிய கல்லாகப் பார்த்துக் காலை வையுங்கள். தண்ணீர் வழியும் கறுத்த கல்லைத் தாண்டிப் போங்கள்.

வானிலை பார்க்கும்போது மும்பை முன்னறிவிப்பைப் பார்த்துப் பயனில்லை. கல்சுபாய் இருப்பது அகில்யாநகர் மாவட்டம், அதாவது பழைய அகமத்நகர், நாசிக் எல்லையை ஒட்டி. இந்திய வானிலைத் துறை நாசிக், புனே மலைப்பகுதிகளுக்குத் தனியாக எச்சரிக்கை தருகிறது. அதைப் பாருங்கள். அவர்கள் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.5-க்கு மேல் அதி கனமழை. ஆரஞ்சு, சிவப்பு என்று போட்டிருந்தால் அன்று மலை கிடையாது. முன்பணம் போனாலும் போகட்டும்.

ஓடைதான் அதிகம் ஏமாற்றும். செங்குத்துப் பாறையில் விழுந்த மழை மண்ணில் இறங்காமல் நேராக ஓடைக்கு வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று மண் நிறமானாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, போட்டோ எடுக்காமல் உடனே கரையேறுங்கள். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் பூஷி அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் ஒரே குடும்பத்தினர் ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டது இப்படித்தான். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்காதீர்கள். மழை விட்டால் ஓடை வடியும், மணிக்கணக்கில் ஆனாலும் காத்திருங்கள். கடந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு, ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, பக்கவாட்டில் நகருங்கள்.

மண்சரிவு இன்னொன்று. 2023 ஜூலை 19 இரவு இர்ஷால்வாடி குடியிருப்பு புதைந்ததே, அது இர்ஷால்கட் மலையின் மடியில், ட்ரெக் போகிறவர்கள் நின்று போகும் ஊர். பல நாள் விடாமல் பெய்த பிறகு செங்குத்துச் சரிவின் அடியில் கூடாரம் போட வேண்டாம்.

டோம்பிவிலி | 13 ஆகஸ்ட்

சரி அண்ணா, நவம்பர் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் இருக்கிறது, இப்போதே என்ன வாங்கலாம்?

முலுண்ட் | 13 ஆகஸ்ட்

ஷூ மட்டும். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதே போதும்.

சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இது இல்லாவிட்டால் இறக்கத்தில் கால்விரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். கடையில் சாய்பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் கடைப் படிக்கட்டு போதும்.

அடிப்பாகத்தில் 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழமான பற்கள், மென்மையான ரப்பர். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல்லாக இருக்கும் பிளாஸ்டிக் அடி ஈரப் பாறையில் வழுக்கும். கணுக்காலை மூடும் உயர ஷூ கட்டாயம் என்று கடைக்காரர் சொல்வார். ஒரு நாள் நடைக்கு, 5 கிலோ பைக்கு, தாழ்வான ஷூ போதும். ஓட்டப் பயிற்சி ஷூவில் பிரச்சினை அதன் அடியில் இருக்கும் தடித்த மென்நுரை. பக்கவாட்டுச் சரிவில் பாதம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும், கணுக்கால் மடங்கும்.

மகாராஷ்டிரத்தில் ஆக்ஷன் கம்பெனியின் ட்ரெக்கிங் ஷூ போட்டவர்களை எல்லாக் கோட்டையிலும் பார்க்கலாம். விலை குறைவு, ரப்பர் நல்ல பிடி. உள்ளே மெத்து குறைவு, தடித்த சாக்ஸ் வேண்டும். டெகாத்லானில் கெச்சுவா வரிசை பாதத்துக்கு மெத்தென்று இருக்கும்.

நீர் புகாத ஷூ மழைக்கால சஹ்யாத்ரிக்கு உதவாது. தண்ணீர் மேல் வழியாக உள்ளே போய்விடும், பிறகு வெளியே வராது. வலைத்துணி ஷூ நனையும், நடக்க நடக்கக் காயும்.

பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரசும், கொப்புளம் அதனால்தான் வருகிறது. செயற்கை நூல் அல்லது கம்பளி கலந்தது இரண்டு ஜோடி. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நகம் வெட்டிவிடுங்கள்.

மாட்டுங்கா | 14 ஆகஸ்ட்

பரணில் இருக்கும் பழைய ட்ரெக்கிங் ஷூவைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு: மும்பை ஈரக்காற்றில் பாலியூரிதேன் அடிப்பாகம் போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும், மலையில் ஒரு மணி நேரத்தில் அடி முழுதாகக் கழன்று வரும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். பையில் மூன்று மீட்டர் மெல்லிய கயிறு இருந்தால் அடியைச் சுற்றிக் கட்டி ஊர் வந்து சேரலாம்.

முலுண்ட் | 20 ஆகஸ்ட்

பயிற்சி பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கேயே.

மாடிப்படிதான் மும்பைக்காரர்களின் மலை. ஒரு மாடி சுமார் 3 மீட்டர். 12 மாடிக் கட்டடம் ஒரு தடவை ஏறினால் 36 மீட்டர். கல்சுபாயின் 800 மீட்டருக்கு 22 தடவை. யாரும் ஒரே நாளில் அதைச் செய்ய வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள், முதல் வாரம் 3 தடவை, வாரத்துக்கு ஒன்று கூட்டி, பத்தாவது வாரம் 12 தடவை. கடைசி மூன்று வாரம் 4 கிலோ பையோடு. மூச்சு வாங்கினாலும் பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகம் போதும்.

இறங்கும்போது லிஃப்ட் வேண்டாம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. மறுநாள் உட்கார முடியாமல் வலிப்பது இந்த இரண்டாவது வேலையால்தான். இறங்கிப் பழகினால்தான் அது குறையும். முழங்காலில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மாட்டுங்கா | 2 செப்டம்பர்

பை: 20 முதல் 25 லிட்டர் போதும். உள்ளே முதலில் தடித்த குப்பைப் பை ஒன்றை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். வெளியே மாட்டும் மழையுறை முகட்டுக் காற்றில் பறந்துவிடும். மாற்று பனியன், தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில். நெற்றியில் மாட்டும் ஹெட்லாம்ப் ஆளுக்கு ஒன்று, பகல் நடைக்கும் கட்டாயம். ஃபோன் டார்ச் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், ஏணியில் இரண்டு கையும் வேண்டும். விசில். க்ரேப் பேண்டேஜ். கொப்புளத்துக்குத் துணிப் பிளாஸ்டர். உரசல் தொடங்கிச் சூடு தெரியும்போதே ஒட்ட வேண்டும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பெரிய பயனில்லை.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் வேண்டாம், பகல் சூட்டில் பையில் புளித்துப்போகும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தாங்கும். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புக் கடலை. ஒரே மூச்சாகச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் வயிறு இழுக்கும், முக்கால் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சம். பாரியில் வீடுகளில் பிட்லா பாக்ரி (கடலைமாவுக் குழம்பும் ரொட்டியும்) சொல்லிவைத்தால் இறங்கும்போது சூடாகக் கிடைக்கும். ஏறும் முன்பே எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கு: கழிப்பறையை அடிவார வீடுகளிலேயே கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேலே தேவைப்பட்டால் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 சென்டிமீட்டர் குழி, பிறகு மூடிவிடலாம். நாப்கினும் ஈரத்துடைப்பானும் புதைக்கக் கூடாது, இரட்டை ஜிப் பையில் திரும்பி வர வேண்டும். அடக்கிக்கொள்ளலாம் என்று தண்ணீர் குடிக்காமல் ஏறுவது ஆபத்து. தலை சுற்றி உட்காரும் பெண்களில் பல பேருக்குக் காரணம் அதுதான்.

முலுண்ட் | 3 செப்டம்பர்

அக்கா சொன்ன 3 லிட்டர் நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும். அக்டோபரிலும் மார்ச்சுக்குப் பிறகும் 4. ஏப்ரல், மே பகலில் நிழலில்லாத முகடுகளுக்குப் புதியவர்கள் போகவே வேண்டாம்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. பெரிய பொட்டலம் முழுதையும் சரியாக 1 லிட்டரில் கரைக்க வேண்டும், பாதி பாட்டிலில் கெட்டியாகக் கலக்கக் கூடாது. உறையில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள், 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் விற்கிறார்கள். வழியில் எலுமிச்சைச் சாறு விற்பார்கள், உப்புப் போட்டுக் கேளுங்கள்.

டோம்பிவிலி | 19 செப்டம்பர்

பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டிவிட்டு, பிளேடால் கீறி ரத்தத்தை எடுக்க வேண்டும் என்று ஒருத்தன் சொல்கிறான். கிட் வாங்கலாமா?

மாட்டுங்கா | 19 செப்டம்பர்

வேண்டவே வேண்டாம். கட்டினால் அந்தக் கால் அழுகக்கூடும், கீறினால் ரத்தம் நிற்காமல் போகக்கூடும். கடிபட்டவரை நடக்க விடாமல் உட்கார வையுங்கள், மோதிரம், கொலுசு, ஷூவைக் கழற்றுங்கள், காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள், தூக்கிக்கொண்டு இறங்குங்கள். 108-ல் ஆம்புலன்ஸ். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அதனால் பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. அந்த நேரத்தை வண்டிக்குச் செலவிடுங்கள். தடுப்பது இன்னும் சுலபம்: பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள், விழுந்த மரத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்துக் காலை வையுங்கள்.

செம்பூர் | 20 செப்டம்பர்

பாம்பைவிட மலைத்தேனீ. செங்குத்துப் பாறைகளில் பெரிய அடை தொங்கும், கர்னாலாவின் கட்டைவிரல் பாறையிலும் உண்டு. சென்ட், புகை, கூச்சல், கல்லெறிதல் எல்லாம் அவற்றைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையை வீசாதீர்கள், துணியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வேகமாக விலகுங்கள். ஆனால் விளிம்புப் பாறையில் ஓடாதீர்கள். கொடுக்கை உடனே சுரண்டி எடுங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் மருத்துவமனைதான், காத்திருக்கக் கூடாது.

முலுண்ட் | 6 அக்டோபர்

அக்டோபர் மத்தியானங்களில் இடி. முன்பே எழுதியிருக்க வேண்டிய விஷயம். காலை வெயில் சுள்ளென்று இருக்கும், இரண்டு மணிக்குமேல் கருமேகம் திரளும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உச்சியை விட்டு, இரும்பு ஏணியையும் கைப்பிடிக் கம்பியையும் விட்டு விலகிக் கீழே வாருங்கள். ஏணி வழியாகத்தான் இறங்க வேண்டும் என்றால் அது தலைக்கு மேல் வருவதற்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி நகரலாம்.

இன்னொன்று, இந்த வருடத்துக்கே உரியது. சஹ்யாத்ரிச் சரிவெங்கும் கார்வி என்ற புதர் நிற்கும். நம் குறிஞ்சிக்குச் சொந்தம், ஒரே பேரினம். குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு தடவை, கார்வி 8 வருடத்துக்கு ஒரு தடவை. மும்பைத் தேசியப் பூங்காவில் 2016-ல் பூத்தது, பிறகு 2024-ல். கூட்டமாகப் பூத்துக் காய்த்த பிறகு செடி மடிந்துவிடும். வழுக்கும் சரிவில் கார்வித் தண்டைப் பிடித்து ஏறுவது இங்கே எல்லோரும் செய்வது. உயிருள்ள தண்டு நன்றாகத் தாங்கும். போன வருடம் பூத்த இடங்களில் இப்போது நிற்பது பெரும்பாலும் காய்ந்த தண்டு, இழுத்தால் கையோடு வரும். வளைத்துப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

செம்பூர் | 28 அக்டோபர்

வழி. கல்சுபாயில் தொலைந்துபோவது கடினம், மற்ற மலைகளில் சுலபம். மாடு போன தடமும் ஆள் போன தடமும் ஒரே மாதிரி தெரியும். மாட்டுத்தடம் கிளைகிளையாகப் பிரிந்து புதரில் முடியும். பாறையில் பெயின்ட் அம்புக்குறி தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் குறியே தென்படவில்லை என்றால் கடைசிக் குறிக்குத் திரும்புங்கள், குறுக்கே வெட்டிப் போகாதீர்கள். ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஏதாவது ஒரு செயலியில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு, மலையில் ஃபோனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். சிக்னல் தேடித்தான் பேட்டரி கரைகிறது.

ஊர்க்காரரிடம் வழி கேட்கும்போது "இதுதானே வழி?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்றுவிடுவார்கள். "மாமா, வர் ஜாணாரி வாட் குட்லி?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னால் மழைக்காலத்தில் "சோண்ட்" என்று சொல்லும் முகட்டு வழியை எடுங்கள். "நாள்" என்பது இரண்டு பாறைக்கு நடுவே இறங்கும் ஓடைத்தடம். கல் உருளுவதும் தண்ணீர் பாய்வதும் அதில்தான்.

டோம்பிவிலி | 29 அக்டோபர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் சாயங்காலம் திரும்பலாமா?

செம்பூர் | 29 அக்டோபர்

ஞாயிறு என்றால் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காகத் தண்டவாளத்தை மூடுவது. மாட்டுங்கா–முலுண்ட் பகுதியில் பகலில் வேலை நடந்தால் சாயங்காலம் வரை எல்லா வண்டியும் தாமதம். முந்தைய நாளே மத்திய ரயில்வே அறிவிப்பைப் பாருங்கள். கசாராவுக்கு வண்டி கல்யாண் அளவுக்கு அடிக்கடி கிடையாது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நீண்ட காத்திருப்பு. எட்டுப் பேர் என்றால் கசாராவிலேயே ஜீப்பைப் போகவர பேசிக்கொள்வது நல்லது. கோட்டி வழியாக பண்டார்தரா போகும் சாலையில்தான் பாரி. சனிக்கிழமை போனால் கூட்டமும் குறைவு, ஞாயிறு காலை காலுக்கு ஓய்வும் கிடைக்கும்.

முலுண்ட் | 10 நவம்பர்

இறக்கம். இந்த இழையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நவம்பரில் பாசி போய்விடும், அதற்குப் பதில் கசாரா வரும். ஊர்ப் பெயர் இல்லை, கெட்டி மண்மேல் பரவிய பொடிச் சரளையை மராத்தியில் அப்படித்தான் சொல்கிறார்கள். சிமெண்ட் தரையில் கடுகு கொட்டியது போல இருக்கும். இதில் புதியவர்கள் பயந்துபோய் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். சாய்ந்ததும் எடை குதிகாலின் பின்விளிம்புக்குப் போகும், பாதம் முன்னால் ஓடும், உட்கார்ந்தபடி விழுவார்கள், கையை ஊன்றி மணிக்கட்டு முறியும். செய்ய வேண்டியது எதிர்: முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்படி முன்னால் குனிந்து, பாதம் முழுவதும் தரையில் படுமாறு சிறிய சிறிய அடி. பெரிய அடி எடுத்தால் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடும். சரிவு அதிகமானால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். செடி வேர் தெரியும் இடம், புதைந்த கல், இவற்றில் கால் வையுங்கள். தனியாகக் கிடக்கும் கல்லில் வேண்டாம்.

காய்ந்த புல் மடிந்து கிடக்கும் சரிவு சரளையைவிட மோசம், அதில் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள்.

ஏணியில் இறங்கும்போது வீட்டு ஏணியில் இறங்குவதைப் போலவே ஏணியைப் பார்த்து முகம். மூன்று பிடி எப்போதும் இருக்க வேண்டும்: இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை. ஒரு ஏணிக்கு ஒருவர், அவர் தரையில் கால் வைத்துக் குரல் கொடுத்த பிறகு அடுத்தவர். நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. ஊன்றுகோலை மடக்கிப் பையில் வைத்துவிடுங்கள், மணிக்கட்டில் தொங்கினால் படியில் மாட்டும். பான்சோ (தலைவழியாகப் போடும் தொளதொள மழையங்கி) போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அது கால் வைக்கும் படியை மறைக்கும்.

இறங்கத் தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக் குதிகாலைப் பின்னால் தள்ளி மறுபடி இறுக்குங்கள். ஷூவின் கடைசித் துளையில் லேஸைச் சின்ன வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் இழுத்துக் கட்டினால் பாதம் முன்னால் நகராது. இரண்டு நிமிட வேலை, நகம் தப்பும். ஊன்றுகோல் இருந்தால் ஏறும்போது இருந்ததைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள்.

முழங்கால் நடுங்கத் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். ஐந்து நிமிடம், ஒரு வாய் தண்ணீர், இரண்டு பேரீச்சை. நடுக்கத்தோடு தொடர்ந்தவர்கள்தான் விழுகிறார்கள்.

முலுண்ட் | 18 நவம்பர்

இந்த வாரம் கிளம்புகிறீர்கள் என்பதால் சுருக்கமாக. வழி தெரிந்தவர் முன்னால், பொறுப்பானவர் கடைசியில், இருவரிடமும் விசில். மெதுவாக நடப்பவர் இரண்டாவது ஆளாக வரட்டும், அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். வழி பிரியும் ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு ஏணியின் தலைப்பிலும் நின்று தலை எண்ணுங்கள். உதவி தேவைப்பட்டால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. சிக்னல் இருந்தால் 112.

காலை 7 மணிக்கு நடை. பகல் 12-க்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று அடிவாரத்திலேயே எட்டுப் பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். மேலே போய் அரை மணி தூரத்தில் கோயில் தெரியும்போது பேசினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். உச்சியில் மும்பையைவிடச் சுமார் 10 டிகிரி குறைவாக இருக்கும், 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்பது கணக்கு. அதோடு காற்று. வியர்த்த பனியனை மேலே போனதும் மாற்றிவிட்டுத்தான் போட்டோ.

டோம்பிவிலி | 1 டிசம்பர்

எட்டுப் பேரும் போய்வந்தாகிவிட்டது, யாருக்கும் அடி இல்லை. அடுத்தது ஹரிஹர் கோட்டை என்கிறார்கள், அந்தச் செங்குத்துப் படி வீடியோவைப் பார்த்துவிட்டு.

முலுண்ட் | 2 டிசம்பர்

நல்லது தம்பி. ஹரிஹர் இப்போது வேண்டாம். அந்தப் படி ஓர் ஆள் அகலம், பாறையில் வெட்டியது, பக்கத்தில் தடுப்பு கிடையாது. பிடிக்கக் குழி வெட்டியிருக்கிறார்கள், ஆனால் ஏறுபவரும் இறங்குபவரும் நடுவில் சந்தித்தால் ஒதுங்க இடமில்லை. கூட்டமில்லாத வார நாளில், இன்னும் சில மலைகளுக்குப் பிறகு போங்கள்.

அதற்கு முன் நாணேகாட். கல்யாணிலிருந்து மால்ஷேஜ் வழியாகப் போகும் பேருந்தில் வைஷாகரே அருகே இறங்க வேண்டும். சாதவாகனர் காலத்து வணிகப் பாதை, மேலே குகைச் சுவரில் பிராமிக் கல்வெட்டு, பழைய எண் குறிகளோடு. அது முடிந்தால் ஹரிச்சந்திரகட், பாச்னை கிராமம் வழியாக. கிரேஷ்வர்–தோலார் கிண்ட் வழி நீளம், பாறைப் பகுதி உண்டு. நாளிச்சி வாட் வழியைக் கயிறு பழகியவர்களோடு மட்டும். அங்கே கொங்கண் கடா விளிம்பு உள்வளைந்த பாறை, நிற்கும் இடத்துக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். படுத்துக்கொண்டு எட்டிப் பாருங்கள், இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ளட்டும்.

மாட்டுங்கா | 2 டிசம்பர்

ஷூவைக் கழுவி நிழலில் காயவைத்தீர்களா? வெயிலில் வைத்தால் பசை விடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைந்ததும் மாற்றுங்கள். ஹெட்லாம்ப் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.